பேத்திக்கு ஒரு பால்மர மேசை

வீட்டில் பழைய மர மேசை இருந்தால், அதன் இழுப்பறையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். நேராக உள்ளே போனால், அதைச் செய்தவர் கெட்டிக்காரர். பாதியில் கோணிக்கொண்டு நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இடுப்பால் ஓர் இடி. நம் வீடுகளில் பல இழுப்பறைகள் அப்படித்தான் மூடுகின்றன.

என் பெரிய மாமா தம் பேத்திக்காக ஒரு மேசை செய்தார். பேத்தி முதலாம் ஆண்டு படிக்கிறாள். "இணையத்துல முந்நூறு வெள்ளிக்கே கிடைக்குதுப்பா, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க?" என்று மகன் கேட்டதற்கு மாமா பதில் சொல்லவில்லை. எனக்குப் பிறகு சொன்னார். மூவாரில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அத்தனை ஆண்டும் நாற்காலிக் கால்களை இயந்திரத்தில் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் வேலை. "கால் மட்டும் லட்சக்கணக்குல தேச்சிருப்பேன்மா. ஒரு மேசைய முழுசா செஞ்சதே இல்ல."

ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து வீட்டில் இருக்கும் சீனத் தச்சரிடம் சனிக்கிழமைதோறும் போய் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். மேசைக்கு அவர் தேர்ந்தெடுத்தது ரப்பர் மரம், நம் பேச்சில் பால்மரம்.

அந்த மரத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பழைய கணக்கு உண்டு. மாமாவின் அம்மா, அதாவது என் பாட்டி, சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். அமேசான் காட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்ததும், அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டதும் பள்ளியில் படித்திருப்பீர்கள். மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு வெட்டி, புதுக்கன்று நடுவார்கள். வெட்டிய மரம் முன்பெல்லாம் விறகுதான். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்தில் எரியும், இல்லாவிட்டால் லயத்து அடுப்பில் எரியும். அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிப் போட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும். உடனடியாக போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நிற்கும் என்று தெரிந்த பிறகுதான், 1980களில் அது தளவாட மரமாகப் பெயரெடுத்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி பால்மரம். தாய் பால் எடுத்த மரத்தை மகன் தொழிற்சாலையில் தேய்த்திருக்கிறார். இதை மாமாவிடம் சொன்னபோது, "வேற என்ன வேலை கிடைச்சுது நமக்கு?" என்று கேட்டுவிட்டு இழைப்புளியைத் தீட்டப் போய்விட்டார்.

கால்களும் மேல் பலகையும் இரண்டே வாரத்தில் முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை ஓரிடத்தில் நின்றால் போதும். தினமும் நகர வேண்டியது இழுப்பறை. மாமாவின் வாயில் அது லாச்சி. அதற்கு மட்டும் ஒரு மாதம் ஆனது.

முதல் சண்டை அளவில். மேசை அகலத்துக்கும் ஒரே பெரிய இழுப்பறை இருக்கும் படத்தை மகன் அனுப்பியிருந்தார். மாமா மறுத்துவிட்டார். அகலம் அதிகமாகி ஆழம் குறைந்தால், ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததுமே பெட்டி கோணிக்கொண்டு இரு பக்கமும் இறுகிவிடும். குழந்தை எப்போதும் ஒரு கையால்தானே இழுப்பாள்? ஆகவே 38 சென்டிமீட்டர் அகலம், 48 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தார். நீளமான பெட்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும்.

அடுத்தது காற்றின் ஈரம். மரம் நீளவாக்கில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும். இழுப்பறையின் முன்பலகையில் ரேகை இடமிருந்து வலமாக ஓடுகிறது. எனவே பெட்டியின் அகலம் மாறாது. பக்கப் பலகையின் உயரம் மாறும். 12 சென்டிமீட்டர் உயரப் பலகை, குளிரூட்டிய அறைக்கும் மழைநாள் வராந்தாவுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் காட்டலாம். சீனத் தச்சர் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்: பக்கத்தில் இறுக்கமாக வை, மேலே தாராளமாக விடு. மாமா பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக விட்டார், மேலே 2 மில்லிமீட்டர். பெட்டி நுழையும் கூட்டின் பின்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் அகலமாக்கினார். உள்ளே போகப் போக இழுப்பறைக்கு இடம் கிடைக்கும்.

பிறகு வேலையை அப்படியே நிறுத்திவிட்டார். கேட்டால், "மழைக்குக் காத்திருக்கேன்" என்றார். மேசை போகப்போவது கோலாலம்பூரில், எந்நேரமும் ஏர்கோன் ஓடும் அடுக்குமாடி வீட்டுக்கு. மூவார் வெயிலில் காய்ந்த மரத்தில் கணக்காகப் பொருத்திவிட்டால், என்றாவது ஏர்கோன் கெட்ட மழை வாரத்தில் அது சிக்கும். மரம் நன்றாக உப்பியிருக்கும்போதே பொருத்தினால், அதற்குப் பிறகு தளரத்தான் செய்யும்.

மழை நாலு நாள் விடாமல் பெய்த வாரத்தில் நானும் போயிருந்தேன். மாமா பக்கங்களில் சுண்ணக்கட்டியைத் தடவி, பெட்டியை உள்ளே தள்ளி வெளியே எடுத்தார். எங்கே சுண்ணம் அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தில் மட்டும் இழைப்புளியால் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு சீவல். மறுபடி சுண்ணம், மறுபடி சீவல். ஒலியோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் எனக்குக் காது அங்கேயே நின்றது. முதலில் கிறீச். அப்புறம் கரகரப்பு. பதினைந்தாவது தடவையோ என்னவோ, காற்று வெளியேறும் சத்தம் மட்டும்.

கடைசியில் உரசும் இடங்களில் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். எண்ணெய் கூடாதாம், தூசி ஒட்டும். சவர்க்காரம் ஈரத்தை இழுக்கும்.

குண்டுகள் வைத்த இரும்பு ரெயில் கடையில் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போடலாம். பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் விட்டு நேராக முடுக்கினால் எந்த மழையிலும் ஓடும். வார இறுதியில் மேசை செய்ய நினைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாமாவுக்கு அது வேண்டாம். இத்தனை ஆண்டுகள் இயந்திரம் பார்த்தாகிவிட்டதாம்.

மேசை லாரியில் ஏறிப் போனது. பேத்தி முதல் நாளே அழிப்பான்கள், ஒட்டுப்படங்கள், பாதி தின்ற பிஸ்கட் என்று இழுப்பறையை நிரப்பிவிட்டாள். ஒரு விரலால் மூடுகிறாள். தேவையே இல்லாமல் நூறு தடவை மூடுகிறாள் என்று அவள் அம்மா அலுத்துக்கொள்கிறார். பெட்டியின் அடியில் மாமா ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஒட்டி அனுப்பியிருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை தேய்த்துக்கொள்ள.

மகன் இப்போது தொலைக்காட்சிக்கு ஒரு மேசை கேட்கிறாராம். அகலமான இழுப்பறையோடு. மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.