பாதியில் நின்ற 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்'... 18 வருடம் கழித்து முழுசாக வந்தது எப்படி?

கட்டிப்பிடித்தால் பூனையாக மாறிவிடும் பையனைக் காதலிக்க முடியுமா?

ஜப்பானின் நட்சுகி டகாயா 1998-ல் ஆரம்பித்த 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' மாங்காவின் ஒன்லைன் இதுதான். அம்மாவை விபத்தில் பறிகொடுத்து, கூடாரத்தில் தங்கிப் பள்ளிக்குப் போகும் தோருவுக்கு சோமா குடும்பம் அடைக்கலம் தருகிறது. அங்கே சிலர் மேல் 12 ராசி விலங்குகளின் ஆவி இருக்கிறது. எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் அந்த விலங்காகவே ஆகிவிடுவார்கள். கியோ மட்டும் பூனை. எலி ஏமாற்றியதால் கடவுளின் விருந்தைத் தவறவிட்டு, ராசிப் பட்டியலிலேயே இடம் கிடைக்காத பூனை! பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவனைக் காலம் முழுக்க அடைத்துவைத்து விடுவார்கள். காமெடிக்கு அடியில் இருக்கும் பாரம் அதுதான்.

2001-ல் அனிமே வந்தபோது மாங்கா பாதியைக்கூடத் தாண்டவில்லை. 26 எபிசோடோடு முடித்துவிட்டார்கள். சாபம் தீர்ந்ததா, கியோ என்ன ஆனான்? பதில் இல்லை. குடும்பத் தலைவர் அகிட்டோவை அதில் ஆணாகவே காட்டினார்கள். அவர் பெண் என்பதை மாங்கா பிற்பாடுதான் போட்டு உடைத்தது! 23 தொகுதிகளோடு 2006-ல் மாங்கா நிறைவு பெற்றது.

2019-ல் மறுபடியும் முதலிலிருந்து. புதுக் குழு, புதுக் குரல்கள் வேண்டும் என்று டகாயாவே கேட்டுக்கொண்டார். மேற்பார்வையும் அவரே. 3 சீசன், 63 எபிசோடு என 2021-ல் கதை முழுசாக முடிந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ஆரம்ப எபிசோடுகள் கலாட்டாவாகத்தான் போகும். கியோ கையில் இருக்கும் மணிகளை மட்டும் கவனித்து வையுங்கள்.