பிளாக் பண்ண பிறகும் ‘சாரி’ மெசேஜ்: சமாதானம் எங்கே முடிகிறது, குற்றம் எங்கே தொடங்குகிறது?

“ஒரு சாரி சொல்லத்தானே மெசேஜ் பண்ணேன், இது எப்படி ஸ்டாக்கிங் ஆகும்?” காதல் முறிந்த பிறகும், நெருங்கிய நட்பு சண்டையில் முடிந்த பிறகும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஒரே ஒரு மெசேஜ் என்றால் பெரும்பாலும் ஆகாது. ஆனால் அது எத்தனையாவது மெசேஜ், அதற்கு முன்னால் எதிராளி என்ன சொல்லியிருந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, பின்தொடர்தலைக் குற்றமாக்குகிறது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்டதன் புதிய எண் இது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும், தனிப்பட்ட உறவை வளர்ப்பதற்காக ஓர் ஆண் அவரைப் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டாலோ, தொடர்புகொள்ள முயன்றாலோ அது குற்றம். மத்தியச் சட்டப்படி முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, அபராதம். மறுபடியும் தண்டனை பெற்றால் 5 ஆண்டு வரை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

‘திரும்பத் திரும்ப’ என்ற வார்த்தை முக்கியம். ஒரே ஒரு முறை பின்னால் போனது மட்டும் ஸ்டாக்கிங் ஆகாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

சரி, ‘தெளிவாகக் காட்டுவது’ என்றால்? ‘வேண்டாம்’ என்று வாயால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. “இனி பேசாதே” என்ற மெசேஜ் போதும். நம்பரை பிளாக் செய்வதும் ஏறக்குறைய அதேதான். வெறுமனே பதில் போடாமல் இருப்பதுதான் சிக்கல். பிஸியா, கோபமா, முடிவா என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட அங்கே இடம் இருக்கிறது. அதனால் ஒரு முறை எழுத்தில் சொல்லிவிட்டு, அதன் பிறகு பதிலே போடாமல் இருப்பது பாதிக்கப்படுபவருக்குப் பலம்.

ஒரே ஊர், ஒரே பஸ்

சென்னையில் என்றால் ஆளைப் பார்க்காமல் இருந்துவிடலாம். சின்ன ஊரில்? உதாரணத்துக்கு, குமாரலிங்கபுரத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பேச்சுவார்த்தை நின்றுபோன பையனும் அதே டவுன் பஸ்ஸில்தான் வருகிறான். கோயில் கொடையிலும் அவன்தான் எதிரே நிற்கிறான். இதெல்லாம் பின்தொடர்தல் இல்லை. அவனுக்கும் வேறு பஸ் கிடையாது. ஆனால் அந்தப் பெண் ஷிஃப்ட் மாறியதும் இவனும் நேரத்தை மாற்றிக்கொண்டு ஸ்டாப்பில் நின்றால், மில் கேட்டில் காத்திருந்தால், கதை வேறு.

கொடுத்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பதோ, ஆபீஸ் வேலையை ஒப்படைக்கச் சொல்வதோ உறவை வளர்க்கும் முயற்சி அல்ல. சூழ்நிலைக்கு நியாயமான தொடர்புக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கடனைச் சாக்காக வைத்து நாற்பது மெசேஜ் போட்டுவிட்டு இந்த விலக்கைக் காட்டினால் எடுபடுவது கஷ்டம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பாதியும் இந்தப் பிரிவில் இருக்கிறது. பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். நன்றாகப் பழகிய காலத்தில் வாங்கிய இன்ஸ்டா பாஸ்வேர்டு, லேப்டாப்பில் லாக் அவுட் ஆகாமல் கிடக்கும் வாட்ஸ்அப் வெப் இரண்டும் இதில்தான் வரும். இதற்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பியிருக்க வேண்டியதில்லை. சண்டை போட்ட அன்றே பாஸ்வேர்டை மாற்றுவது நல்லது.

இத்தனை கெடுபிடி எதற்கு? 2022 அக்டோபர் 13 அன்று சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவர், மாணவி பேசுவதை நிறுத்திய பிறகும் விடாமல் தொடர்ந்தவர். முன்பே போலீஸ் ஸ்டேஷன் வரை போன விவகாரம் அது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று ஸ்டேஷனிலேயே சமாதானம் செய்து அனுப்பும் நம் ஊர்ப் பழக்கத்தை இந்த வழக்குக்குப் பிறகாவது யோசிக்க வேண்டாமா?

2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தங்கள் தண்டனையைக் கூட்டின. 1998-ம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தில், பெண்ணை நேரிலோ போனிலோ தொடர்புகொள்ளவே கூடாது என்று தடுக்கும் ‘பாதுகாப்பு ஆணை’க்கும் வழி செய்யப்பட்டது.

ஆணுக்கு நடந்தால்?

78-வது பிரிவு ஆண், பெண்ணைத் தொடர்வதை மட்டுமே பேசுகிறது. இரண்டு ஆண் நண்பர்கள் பிரிந்து ஒருவர் விடாமல் தொல்லை கொடுத்தாலோ, ஒரு பெண் ஆணைத் துரத்தினாலோ இது பொருந்தாது. மிரட்டல் இருந்தால் 351-வது பிரிவு உண்டு. மிரட்டாமல் தினமும் ஐம்பது முறை கூப்பிடுகிறவரை என்ன செய்வது? அங்கே சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூரின் 2014-ம் ஆண்டு துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஆண், பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை. பிரிட்டனின் 1997-ம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு முறை நடந்தாலே ‘தொடர் நடத்தை’ என்று கொள்ளலாம்.

புகார் தர 112, பெண்கள் உதவிக்கு 181, ஆன்லைன் தொல்லையை cybercrime தளத்தில் பதியலாம். ‘காவல் உதவி’ செயலியும் இருக்கிறது. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது முதல் வேலை.

எல்லா இடத்திலும் பிளாக் செய்த பிறகு ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் ‘ப்ளீஸ் பேசு’ என்று எழுதுகிற புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. எந்த ஆப் வழியாக என்று சட்டம் பார்ப்பதில்லை, அதுவும் தொடர்புதான். போதாததற்கு தேதி, நேரம், யுபிஐ ஐடி மூன்றும் அதிலேயே பதிவாகிவிடும்.