நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட சில்வியா

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பரந்து கிடக்கும் சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவருகிறது சில்வியா. 1866 மே 16 அன்று அதைக் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். கண்டுபிடித்த இடம் சென்னை, நுங்கம்பாக்கம் வானாய்வகம்.

வானைப் படம்பிடித்துச் சிறுகோள் தேடும் வழக்கம் வராத காலம் அது. தொலைநோக்கியில் சிறுகோளும் மங்கலான நட்சத்திரம் போலத்தான் தெரியும். ஆகவே வானின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நட்சத்திரங்களைக் கண்ணால் பார்த்தே வரைபடத்தில் குறிக்க வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் அதே பகுதியை மறுபடி ஒப்பிட வேண்டும். எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறதோ அது நட்சத்திரம் அல்ல. மேகமில்லாத வானமும் அசாத்தியப் பொறுமையும் வேண்டிய வேலை. போக்சன் சென்னையிலிருந்து இப்படி ஐந்து சிறுகோள்களைப் பிடித்தார். முதலாவது 1861இல், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 

சில்வியாவின் முழுக்கதை வெளிவர 135 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு ஒரு நிலா இருப்பது 2001இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களில் இன்னொன்றும் அகப்பட, 2005இல் அதை அறிவித்தார்கள். இரண்டு நிலாக்கள் உள்ள சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது சில்வியாதான். ரோமானியப் புராணத்தில் ரியா சில்வியா பெற்ற இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ். நிலாக்களுக்கும் அவர்கள் பெயரே.

நிலா இருந்தால் ஒரு பெரிய வசதி உண்டு. அது எவ்வளவு தொலைவில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று அளந்தால் தாய்க்கோளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். சுமார் 270 கிலோமீட்டர் அகலமுள்ள சில்வியாவை அப்படிக் கணக்கிட்டதில், அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சமே அதிகம் என்று தெரிந்தது. கெட்டிப் பாறையாக இருந்தால் இரண்டு மூன்று மடங்கு இருந்திருக்கும். அப்படியானால் சில்வியா ஒற்றைப் பாறை அல்ல. பழைய மோதலில் சிதறிய துண்டுகள் ஈர்ப்பால் மீண்டும் சேர்ந்த கற்குவியல், உள்ளே ஏராளமான வெற்றிடம். அந்த மோதலில் மிஞ்சிய சிதறல்களாகவே இரு நிலாக்களையும் கருதுகிறார்கள்.

போக்சன் 1868இல் அதே வானாய்வகத்திலிருந்து கண்ட கமில்லாவுக்கும் இரண்டு நிலாக்கள் உண்டு.