கருகும் கம்பி இணைப்புகள்

களப்பணிக்குப் பழைய மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்துவோர் பலர் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பாட்டரி அடிக்கடி சோர்ந்துவிடும்; புதியது வாங்கிப் பொருத்தினாலும் சில வாரங்களில் அதே நிலைதான். எஞ்சினிலிருந்து வரும் மூன்று கம்பிகளும் கூடுகின்ற பிளாஸ்டிக் கப்ளரைத் தேடிப் பார்த்தால், அது பழுப்பேறி உருகியிருக்கும். குறை பாட்டரியில் அன்று, அந்தக் கப்ளரில்தான்.

இவ்வகை வண்டிகளில், எஞ்சினுடன் சுழலும் நிலைக்காந்தம் அசையாத கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது மூன்று கம்பிகளின் வழியே ரெக்டிபையர்-ரெகுலேட்டரை அடைந்து, நேர்திசை மின்னோட்டமாகிப் பாட்டரியில் ஏறுகிறது.

கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என்று ஜூல் 1841-இல் காட்டினார். 15 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பின் வெப்பம் 2.25 வாட், தடை 0.1 ஓம் ஆயின் 22.5 வாட். பற்றவைக்கும் சிறு மின்கோலின் திறனும் ஏறத்தாழ இவ்வளவே. சூடேறிய பித்தளை முனை வில்விசை இழந்து தளர்கிறது. அதன்மேல் ஆக்சைடு படிகிறது. தடை உயர, சூடும் உயர்கிறது. இச்சூத்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் கருகிய கப்ளர் ஒன்றை மேசைமீது வைத்தால் போதும்.

இதனைப் பியூஸ் தடுக்காதா எனக் கேட்கலாம். தடுக்காது. ஓடுவது வழக்கமான மின்னோட்டமே, மிகுந்தது தடைதான். விளக்கை அணைத்து ஓட்டுவதாலும் பயன் சிறிதே. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரெகுலேட்டர் மிகுதியான மின்னோட்டத்தை நிறுத்துவதில்லை. குறுக்குச்சுற்றாகச் சுருளுக்கே திருப்பிவிடுகிறது. ஆகவே அக்கம்பிகள் ஓய்வதே இல்லை.

பழுது பார்க்குமுன் எஞ்சினை நிறுத்திக் கப்ளரைக் கழற்றிச் சுருளைச் சோதிக்க வேண்டும். மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தால் தடை சமமாக இருத்தல் வேண்டும். எக்கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருத்தல் ஆகாது. பின்னர்க் கருகிய பகுதியை வெட்டி நீக்குக. உள்ளே செம்பு கறுத்திருப்பின், பளபளப்பான செம்பு தோன்றும் வரை இன்னும் வெட்டுக. கறுத்த இழையில் ஈயம் பற்றாது. நீளம் குறைந்தால் அதே பருமனுள்ள கம்பியைச் சேர்க்கலாம். முனைகளைக் குழல் இணைப்பில் இட்டு இறுக நசுக்கிய பின்னரே ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுக. ஈயம் மட்டும் பிடித்திருக்கும் இணைப்பு சூட்டில் இளகி விட்டுவிடும். கம்பிகளை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். அடுத்த கருகல் அங்கேயே தொடங்கும். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியக்கூடுமாதலால், கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுதல் நன்று.

0.1 ஓம் போன்ற சிறு தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் நம்பிப் படிக்க இயலாது. எனவே எஞ்சினை ஓரளவு வேகமாக ஓடவிட்டு, மீட்டரை மாறுதிசை வோல்ட் அளவில் வைத்து, ஒரே கம்பியில் இணைப்பின் இருபுறமும் தொட்டுப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்விணைப்பைப் பிரித்து மீண்டும் செய்க. 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் அப்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும்.