ஒரே வைஃபை, நாலு கம்ப்யூட்டர்: ஒண்ணுக்கு வந்த வைரஸ் உங்க லேப்டாப்புக்கு வராம இருக்க என்ன செய்யணும்?



2024 ஜூலை கடைசி வாரம். ரிட்டர்ன் ஃபைல் பண்ண கடைசி நாள் நெருங்கிட்டு இருந்த நேரம். தம்பி அவனோட கம்ப்யூட்டர்ல ஓசியில ஒரு கேம் இறக்கினான். அரை மணி நேரத்துல என் லேப்டாப்ல இருந்த ஒரு ஃபோல்டர்ல எந்த ஃபைலும் திறக்கல. பணம் கேட்டு ஒரு நோட்டீஸ் மட்டும் இருந்தது.

இத்தனைக்கும் என் லேப்டாப்ல வைரஸே இல்ல. அந்த ஃபோல்டரை வீட்ல எல்லாருக்கும் ஷேர் பண்ணி, எழுதற அனுமதியும் நானே கொடுத்திருந்தேன். தம்பி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்த ரேன்சம்வேர் அந்த வழியா வந்து எல்லாத்தையும் பூட்டிடுச்சு.

ஃபார்ம் 16 எல்லாம் திரும்ப வாங்கிட்டேன். ஆனா அப்பா பழைய வீட்டைப் புதுப்பிச்சப்போ வாங்கின 4 லட்சம் ரூபாய் பில்களோட ஸ்கேன் போனது போனதுதான். பேப்பர் பில்லும் கையில இல்ல. அடுத்த வருஷம் வீட்டை வித்தப்போ அந்தச் செலவுக்கு ஆதாரம் இல்ல. 12.5% வரின்னு பார்த்தா 50,000 ரூபாய், செஸ் தனி. ஒரு ஓசி கேமோட விலை அது!

எப்படிப் பரவுது?

ரெண்டு வழி. ஒண்ணு, மேல சொன்ன மாதிரி நாமளே திறந்து வெச்ச ஷேர் ஃபோல்டர். இன்னொண்ணு, விண்டோஸ்ல இருக்கற ஓட்டை. 2017 மே மாசம் வந்த வான்னாக்ரை ஞாபகம் இருக்கா? ஃபைல் ஷேரிங்ல இருந்த ஓட்டை வழியா, யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்குத் தாவிச்சு. ஒரு கம்ப்யூட்டருக்கு 300 டாலர் பிட்காயினா கேட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்துடுச்சு. போடாதவங்கதான் அதிகமா மாட்டினாங்க.

தீர்வு: பிரிச்சு வைங்க

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நஷ்டமானா, பொதுவா ஓனரோட வீட்டுக்கு அந்தக் கடன் வராது. ரெண்டுக்கும் நடுவுல சட்டம் ஒரு சுவர் வெச்சிருக்கு. வீட்டு நெட்வொர்க்லயும் அதே மாதிரி ஒரு சுவர் வேணும்.

1. கெஸ்ட் நெட்வொர்க்: ரவுட்டர் அடியில இருக்கற ஸ்டிக்கர்ல செட்டிங் முகவரி இருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). உள்ள போய் கெஸ்ட் நெட்வொர்க்கை ஆன் பண்ணி, வேற பாஸ்வேர்ட் கொடுங்க. பேங்க், வரி வேலை பார்க்கற லேப்டாப் மட்டும் மெயின்ல. கேம் கம்ப்யூட்டர், டிவி, கேமரா, விருந்தாளி போன் எல்லாம் கெஸ்ட்ல. லோக்கல் நெட்வொர்க்கைப் பார்க்க கெஸ்டுக்கு அனுமதி தர்ற ஆப்ஷன் இருந்தா, அது ஆஃப்ல இருக்கணும்.

2. பிஜி, ஷேரிங் ரூம்ல இருக்கீங்களா? ரவுட்டர் உங்க கையில இருக்காது. பரவாயில்ல. விண்டோஸ் செட்டிங்ல அந்த வைஃபையை 'பப்ளிக்' நெட்வொர்க்னு மாத்துங்க. மத்த கம்ப்யூட்டர்களுக்கு உங்க லேப்டாப் தெரியாது. வெளியில இருந்து வர்ற இணைப்பை ஃபயர்வால் பெரும்பாலும் தடுத்துடும்.

3. ஷேர் ஃபோல்டரை மூடுங்க: ரொம்ப அவசியம்னா படிக்க மட்டும் அனுமதி கொடுங்க.

4. சோதிச்சுப் பாருங்க: போனை கெஸ்ட்ல போட்டு, மெயின்ல இருக்கற வைஃபை பிரிண்டரைத் தேடுங்க. கிடைக்கலன்னா சுவர் வேலை செய்யுது.

சிலர் ரெண்டாவது ரவுட்டர் வாங்கி, சந்தேகமான கம்ப்யூட்டரை அதுல மாட்டுவாங்க. அது தலைகீழ். உள்ள இருக்கற ரவுட்டர்ல இருந்து வெளி ரவுட்டர்ல இருக்கறதைத் தொட முடியும். வெளியில இருந்து உள்ள வர்றதுதான் கஷ்டம். அதனால பாதுகாக்க வேண்டிய லேப்டாப்தான் உள்ள இருக்கணும்.

இந்தச் சுவர் எதைத் தடுக்காது?

பென்டிரைவ்ல வர்றதையும், நீங்களே கிளிக் பண்ற போலி லிங்க்கையும் தடுக்காது. அதனால முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பேக்கப் எடுங்க. எடுத்து முடிச்சதும் கழட்டி வைங்க. மாட்டியே இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும்.

வைரஸ் வந்துட்டா முதல்ல அந்தக் கம்ப்யூட்டரோட வைஃபையை ஆஃப் பண்ணுங்க, கேபிளைப் பிடுங்குங்க. பேங்க் பாஸ்வேர்டை வேற ஒரு சுத்தமான போன்ல இருந்து மாத்துங்க. பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம பேங்குக்கும் 1930-க்கும் போன் பண்ணுங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீமுக்கும் உடனே சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

இது எல்லாத்துக்கும் செலவு பெருசா ஒண்ணும் இல்ல, இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம். நான் அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிச்சுதான் 50,000 விட்டேன். நீங்க விடாதீங்க!