தட்டில் பதிந்த நாட்டுப் பாடல்

நாட்டுப் பாடல்கள் ஏட்டில் பிறந்தவை அல்ல. மக்கள் நாவில் பிறந்து நாவிலேயே வாழ்பவை. தாய் பாடக் கேட்டு மகள் பாடுவாள்; அவள் பாடக் கேட்டு அவள் மக்கள் பாடுவர். செவிவழி வரும் இச்செல்வத்திற்கு ஒரு குறை உண்டு. பாடுவோர் மறைந்தால் பாட்டும் உடன் மறையும். அமெரிக்க மலைவாழ் மக்களின் பாடல்களை அக்குறையினின்றும் காத்த ஆண்டுகளுள் தலைசிறந்தது 1927ஆம் ஆண்டாகும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சிய மலைத்தொடர் உள்ளது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அங்குக் குடியேறியோர் தம் பழம்பாடல்களையும் உடன்கொண்டு வந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோர் வழியே பான்ஜோ என்னும் நரம்புக்கருவி வந்தது. இவ்விரண்டும் கலந்து வளர்ந்த இசையை நகரத்தார் பட்டிக்காட்டுப் பாட்டென்று எள்ளினர். 1923இல் அட்லாண்டா நகரில் ஜான் கார்சன் என்னும் பிடில் கலைஞரின் பாட்டை ரால்ப் பீர் என்பவர் இசைத்தட்டில் பதிவு செய்தார். பீருக்கே அப்பாட்டு இனிக்கவில்லை. ஆயினும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். எள்ளப்பட்ட இசைக்கும் கேட்போர் பலர் உண்டென்பதைப் பீர் உணர்ந்தார்.

பின்னர் அவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் 1927 சூலைத் திங்களில் பிரிஸ்டல் நகருக்கு வந்தார். அந்நகரின் ஒரு பாதி டென்னசி மாநிலத்தையும் மறு பாதி வர்ஜீனியா மாநிலத்தையும் சேர்ந்தது. தொப்பி வணிகக் கட்டடம் ஒன்றின் மாடியில், புற ஒலி புகாதவாறு கம்பளங்களைத் தொங்கவிட்டுப் பதிவுக்கூடம் அமைத்தனர். முன்பெல்லாம் பாடகர் பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயில் உரக்கப் பாட வேண்டியிருந்தது. 1925 முதல் ஒலிவாங்கி வழக்கிற்கு வந்தமையால், மெல்லிய குரலும் தெளிவாகப் பதிந்தது. மெல்ல இறங்கும் எடை ஒன்று மெழுகுத் தட்டை ஒரே சீராகச் சுழற்ற, ஊசி அதில் ஒலியின் வரிகளைக் கீறிற்று.

முதலில் வந்தோர் சிலரே. முன்னரே புகழ்பெற்றிருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்னும் பாடகர், முந்திய ஆண்டில் இசைத்தட்டுகளால் 3,600 டாலர் ஈட்டினார் என்ற செய்தி உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்தது. அதன்பின் மலையூர்களிலிருந்து பாடகர் பலர் திரண்டு வந்தனர். சூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை 19 குழுவினர் 76 பாடல்களைப் பாடிப் பதிவு செய்தனர்.

அவர்களுள் கார்ட்டர் குடும்பத்தார் குறிப்பிடத்தக்கவர். ஏ.பி. கார்ட்டரும், அவர் மனைவி சாராவும், தம்பி மனைவி மேபெல்லும் கரடுமுரடான மலைப்பாதையில் இரவல் மோட்டார் வண்டியில் வந்து சேர்ந்தனர். சாரா கைக்குழந்தையோடு வந்தார்; பதினெட்டே வயதான மேபெல் கருவுற்றிருந்தார். சாராவின் திண்ணிய குரலும், கட்டைவிரலால் பண்ணையும் பிற விரலால் தாளத்தையும் எழுப்பிய மேபெல்லின் கித்தார் வாசிப்பும் கேட்டோரைக் கவர்ந்தன. இரு நாள்களில் அவர்கள் ஆறு பாடல்களைப் பதிவு செய்தனர்.

ஆகஸ்டு 4ஆம் நாள் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார். இரயில்வேயில் பணியாற்றிய அவர் காசநோயால் நலிந்தவர். உடன் வந்த குழுவினர் பிரிந்து சென்றுவிட்டமையால், கித்தார் ஒன்றையே துணையாகக் கொண்டு தனியே இரு பாடல்களைப் பாடினார். சில ஆண்டுகளில் அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று; நோயும் உடன் முற்றியது. 1933 மே மாதம் நியூயார்க்கில், பாட்டுக்குப் பாட்டு படுத்து இளைப்பாறி, தம் கடைசிப் பாடல்களைப் பதிவு செய்தார். அதன்பின் இரண்டே நாளில், 35ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் உடலை நோய் அழித்தது. குரலை அழிக்க அதனால் இயலவில்லை.

கார்ட்டர் பின்னர் ஊர் ஊராகச் சென்று பழம்பாடல்களைத் தேடினார். லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர் அவருக்குத் துணைநின்றார். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்ள, இசையை ரிடில் நினைவில் நிறுத்திக் கொணர்ந்தார். எனினும் இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இடம்பெறவில்லை. பாட்டைக் காத்தோர் அனைவர்க்கும் புகழ் கிட்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் பிரிஸ்டலை நாட்டுப்புற இசையின் பிறப்பிடமெனப் பாராட்டியது. 2014இல் அந்நகரில் அதற்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. உண்மையில் அவ்விசை அங்கே பிறக்கவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே குடிசைகளிலும் வயல்களிலும் பிறந்து வளர்ந்திருந்தது. எளியோரின் பாட்டையும் அமர்ந்து கேட்க ஒருவர் முன்வந்தார் என்பதே 1927ஆம் ஆண்டின் சிறப்பு. மதித்துக் கேட்கும் செவி இருப்பின், எளியோர் பாட்டும் அழியாது நிலைபெறும்.