‘கிடங்கு’ எங்கே இருக்கிறது?

எங்கள் டி.டி.பி. அலுவலகத்தில் பழைய லினக்ஸ் கணினி ஒன்று உண்டு. புத்தகப் பக்கங்கள், அட்டைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதனால் அதற்குக் ‘கிடங்கு’ என்று பெயர் வைத்தோம். ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அட்டை வடிவமைப்பவரின் மேக்கில் கிடங்கு வழக்கம்போலத் திறந்தது. பில் போடும் விண்டோஸ் கணினியில் திறக்கவில்லை. ‘பிங்’ கட்டளை போட்டு, கிடங்கு பதில் சொல்கிறதா என்று பார்த்தேன். பதில் வந்தது. கேபிள் சரி, கிடங்கும் ஓடுகிறது, பிறகென்ன என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பிங்குக்குப் பதில் சொன்னது பக்கத்து அறைப் பிரிண்டர்!

கணினிகளுக்கு இடையே பெயர் செல்லாது, எண்தான் செல்லும். 192.168.1.20 போன்ற அந்த ஐ.பி. எண்ணை ரவுட்டர்தான் ஒவ்வொன்றுக்கும் வழங்குகிறது. இந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கரண்ட் போனதும் எங்கள் ரவுட்டர் பழைய கணக்கை மறந்து, கிடங்கின் எண்ணைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் பில் கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில், கிடங்கின் பழைய எண்ணை எப்போதோ என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். விண்டோஸ் அதை நம்பிப் பிரிண்டரின் கதவைத் தட்டியது.

இந்த ஹோஸ்ட்ஸ் கோப்பு இணையத்தைவிட மூத்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது அங்கிருந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். அதன்பின் யாரும் முழுப் பட்டியலையும் வைத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் கேட்டால் போதும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் விண்டோஸும் மேக்கும் லினக்ஸும் பிரிகின்றன. விண்டோஸ் முதலில் தன் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும், பிறகு டி.என்.எஸ்.ஸைக் கேட்கும். அங்கும் கிடைக்காவிட்டால் ‘இந்தப் பெயருக்கு உரியவர் யார்?’ என்று உள் நெட்வொர்க்கிலேயே குரல் கொடுக்கும். அதில் பழைய முறையான நெட்பயாஸில் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. மேக்கின் வழி வேறு. ‘.லோக்கல்’ என்று முடியும் பெயரென்றால், எல்லோருக்கும் கேட்கும்படி 5353ஆம் போர்ட்டில் கேட்கும். அந்தப் பெயருக்குரிய கணினியே பதில் சொல்லும். ஆப்பிள் இதைப் பான்ஜோர் என்கிறது. லினக்ஸில் அதே வேலையை அவாஹி செய்கிறது. கிடங்கில் அவாஹி ஓடியதால், மேக் கேட்டதும் அது தன் புது எண்ணைச் சொல்லிவிட்டது. மேக் தப்பித்த காரணம் அதுதான்.

எனக்குச் சரியாகப் பட்ட வழி, எண் கொடுப்பவரிடமே பெயர் சொல்லும் பொறுப்பையும் விடுவது. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய மென்பொருள் இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஒரு கணினிக்கு எண் வழங்கும்போதே அதன் பெயரையும் குறித்துக்கொண்டு, கேட்பவர் விண்டோஸோ மேக்கோ, ஒரே பதிலைத் தரும். கிடங்கிலேயே அதை நிறுவி, கிடங்குக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்தேன். பிரிண்டருக்கும் அதன் மேக் முகவரியை வைத்து, அது வைத்திருந்த எண்ணையே ஒதுக்கினேன். (மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் உறவில்லை.) ரவுட்டரின் டி.எச்.சி.பி.யை மறக்காமல் அணைத்தேன். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் எண் கொடுத்தால் குழப்பம்தான்.

இதில் பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. உள் நெட்வொர்க்குக்கு ‘.லோக்கல்’ என்றே குடும்பப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அது பான்ஜோர் முறைக்கு ஒதுக்கப்பட்டது, மேக்குகள் தடுமாறும். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட ‘ஹோம்.அர்ப்பா’ எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கும் போதும். அடுத்தது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவது டி.என்.எஸ்.ஸாகக் கூகுளின் 8.8.8.8ஐக் கொடுப்பது. கூகுளுக்குக் கிடங்கைத் தெரியாது. அதனிடம் கேள்வி போகும் நேரத்திலெல்லாம் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் வரும். சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சோதிக்கும்போது பிங்கோடு ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையையும் போட்டுப் பாருங்கள். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, நேரே டி.என்.எஸ்.ஸைக் கேட்கும். பில் கணினியில் போட்டேன். என்எஸ்லுக்கப் புது எண்ணைச் சொன்னது, பிங் இன்னமும் பிரிண்டருக்கே போனது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, நான் எழுதிய அந்த ஒரு வரியை அழித்தேன். கிடங்கு திறந்தது.